தொழிற்சாலை வாசலில் நின்றுவிட்ட கமரா

சென்ற இதழில் வெளியான, புலம்பெயர் தமிழரின் சினிமா இரசனை பற்றிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எங்கள் சனம் நட்சத்திர நடிகர்களின் முதல்நாள் காட்சிக்கு அடிபட்டு ரிக்கற் எடுக்கிறது. கான் விழாவிலும் றொட்டர்டாம் விழாவிலும் பேசப்பட்ட படங்களை மண்டபம் எடுத்துப் போட்டால் முன்வரிசைகூட நிரம்புவதில்லை என்பது கட்டுரையாளரின் ஆதங்கம். இதனை அவர் வணிக சினிமாவின் கருத்தியல் மேலாதிக்கம் என்றும், நுகர்வு மனோபாவம் என்றும் விளக்குகிறார். அந்த விளக்கம் பிழையென்று நான் சொல்ல வரவில்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளனாக இருந்த காலத்தில், இதையே நானும் எழுதியிருக்கிறேன்; இதைவிடக் கடுமையான சொற்களில் எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் குறிப்பிடும் அந்த வரிசையில் இன்று நிற்பவர்களில் நானும் ஒருவன். அங்கே நின்றபடியே சில கேள்விகளை எழுப்பலாமென்று நினைக்கிறேன்.

எனது நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் படம் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். வின்சரிலும் மனோகராவிலும் கலரியில் இருந்து பார்த்துப் பழகியவன். பிறகு படித்து, பட்டம் பெற்று, அந்தப் பழக்கத்துக்காக வெட்கப்படவும் பழகியவன். இப்போது பார்க்கிங்கில் உணவு தயாரிக்கும் தொழிற்சாலையொன்றில் இரவு ஷிப்ற். விடியப்புறம் வீட்டுக்கு வந்தால் உடனே நித்திரை வராது. உடம்பு நின்றாலும் கை நிற்காது. அந்த இரண்டு மணித்தியாலம்தான் எனது தியேட்டர். ஒருநாள் ரஜினி, மறுநாள் பிரசன்ன விதானகே. இவற்றுள் எது உயர்ந்தது என்ற பழைய சண்டைக்குள் நான் இறங்கப்போவதில்லை. இரண்டு வகைப் படங்களிலும், எங்களைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில், ஒரேயொரு விஷயம் ஒரேமாதிரிக் காணாமற் போயிருக்கிறது என்பதே நான் சொல்ல விரும்புவது. அந்த விஷயம் வேலை.

*

சினிமாவின் பிறப்பிலேயே இந்தக் குறை இருக்கிறது. 1895இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த முதற் படங்களில் ஒன்று, பிரான்சின் லியோன் நகரில் தமது தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறுவதைக் காட்டுவது. ஒரு நிமிடம்கூட ஓடாது. பெரிய கதவு திறக்கிறது. பெண்கள், பெரும்பாலும் பெண்கள்தான், வெளியே வருகிறார்கள். சைக்கிளில் சிலர் வருகிறார்கள். ஒரு நாயும் வருகிறது. அவர்கள் உள்ளே செய்துகொண்டிருந்தது புகைப்படத் தகடுகள். கமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் அந்தத் தொழிற்சாலையின் சொந்தக்காரர். உள்ளே என்ன நடந்தது என்பதைக் காட்ட அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

ஜேர்மன் இயக்குநர் ஹருன் பரொக்கி 1995இல், சினிமாவின் நூறாவது ஆண்டில், இந்தத் துண்டுப் படத்தையே எடுத்துக்கொண்டு ஒரு விவரணப்படம் செய்தார். நூறு வருட சினிமாவில் தொழிற்சாலை வாசல் திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் கதை என்று நாம் சொல்வது வாசலைத் தாண்டி வெளியே வந்த பிறகே தொடங்குகிறது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். காதல், கொலை, குடும்பம், துரோகம் யாவும் வேலை முடிந்த பின்பு நடப்பவை. வேலை நடக்கும் நேரம் சினிமாவுக்குக் கதையற்ற நேரம்.

விதிவிலக்கு உண்டு என்று வாசகர் சொல்லக்கூடும். சாப்ளினின் 'மொடேர்ண் ரைம்ஸ்' (1936) இருக்கிறதே என்பார்கள். உண்மை. அந்தப் படத்தை நான் யாழ்ப்பாணத்தில், ஜெனரேற்றர் போட்டு, வீடியோவில் மாணவர்களுக்குக் காட்டி விளக்கவுரையும் ஆற்றியிருக்கிறேன். அந்நியமாதல் பற்றி, மனிதன் இயந்திரத்தின் உறுப்பாவது பற்றி, மார்க்சின் 1844 கையெழுத்துப் படிகள் பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசினேன். பெல்ற்றுக்கு முன்னால் நின்று நட்டு இறுக்கிய சாப்ளின், பெல்ற்றை விட்டு விலகிய பின்னும் கை வெட்டி வெட்டி இழுக்க நடக்கும் காட்சியைப் பார்த்து மாணவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதை மிகைப்படுத்திய நகைச்சுவை என்று வகைப்படுத்தினேன். இலண்டனுக்கு வந்து முதல் தொழிற்சாலையில் வேலை தொடங்கிய மூன்றாம் நாள், நித்திரையில் எனது வலது மணிக்கட்டு பாண் துண்டு திருப்பிக்கொண்டிருந்ததாக அறையில் கூட இருந்தவர் சொன்னார். சாப்ளின் மிகைப்படுத்தவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இலண்டனின் தென்பகுதி வறுமையில் வளர்ந்த அந்த மனிதன் தான் கண்டதைக் காட்டியிருக்கிறான். நான்தான் காணாததை விளக்கியிருக்கிறேன்.

*

நான் இருக்கும் பார்க்கிங்கும் பக்கத்து டகன்ஹாமும் ஒரே மாநகரசபைக்குள் அடங்குபவை. டகன்ஹாமின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது ஃபோர்ட் தொழிற்சாலையால். நான் இந்த நாட்டுக்கு வந்த மறுவருடம், 2002இல், அங்கே கார் பொருத்தும் வேலை நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் அங்கே இயந்திரங்கள் செய்தார்கள். அதே தொழிற்சாலையில் 1968 யூன் மாதம், கார் ஆசனங்களுக்கு உறை தைக்கும் 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வரலாறு 2010இல் 'மேட் இன் டகன்ஹாம்' என்ற படமாக வந்தது. நைஜல் கோல் இயக்கம், சலி ஹோக்கின்ஸ் கதாநாயகி. பெரிய விளம்பரத்தோடு வந்த, சிரிக்கவும் அழவும் வைக்கும், குடும்பத்தோடு பார்க்கக்கூடிய ஜனரஞ்சகப் படம்.

அந்தப் படம் எனக்கு மிகவும் பிடிக்கும். கோடை வெக்கையில் பெண்கள் மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தைப்பதும், கூரை ஒழுகுவதும், இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி ஊர்க்கதை கதைப்பதும் தொழிற்சாலைக்குள் கால் வைத்தவர்களுக்குத் தெரிந்த உண்மைகள். ஆனால் படம் முடியும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அமைச்சர் பார்பரா காசிலோடு பேச்சுவார்த்தை, வெற்றி, கைதட்டல். 1970இன் சம ஊதியச் சட்டம் பற்றிய எழுத்துகள் திரையில். அந்தப் பெண்களின் மூலக் கோரிக்கையோ வேறு. தமது வேலையைத் தேர்ச்சியற்ற வேலை என்று தரப்படுத்தியதையே அவர்கள் முதலில் எதிர்த்தார்கள். மூன்று வாரப் போராட்டத்தின் முடிவில் கிடைத்தது ஆண்களின் ஊதிய வீதத்தில் 92 வீதம். தேர்ச்சியுள்ள வேலை என்ற அங்கீகாரம் கிடைக்கவில்லை. அதற்கு இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. அது நடந்தது 1984இல். பதினாறு வருடம். அந்தப் பதினாறு வருடமும் அவர்கள் தைத்துக்கொண்டே இருந்தார்கள். ஜனரஞ்சக சினிமாவால் வேலைநிறுத்தத்தைக் காட்ட முடியும். வேலை தொடர்வதைக் காட்ட முடியாது.

இன்னுமொரு தகவல். அந்தப் படத்தின் தொழிற்சாலைக் காட்சிகள் டகன்ஹாமில் எடுக்கப்பட்டவை அல்ல. வேல்சில், மேர்தர் ரிட்வில் நகரில், 2009இல் மூடப்பட்ட ஹூவர் தொழிற்சாலைக்குள் எடுத்தார்கள். ஒரு தொழிற்சாலைக்குள் கமரா நுழைய வேண்டுமானால் அது முதலில் மூடப்பட வேண்டும் போலிருக்கிறது.

*

இனி எங்கள் விஷயத்துக்கு வருவோம்.

தமிழகத்தின் பெரிய சினிமா ஈழத்தமிழரை எப்படிக் கண்டது? 'தெனாலி' (2000) எங்களைப் பயமாகக் கண்டது. கமலகாசன் எங்கள் பேச்சைக் கூடியவரை சரியாகவே பேசினார். ஆனால் எதைக் கண்டாலும் நடுங்கும் அகதியின் பயம் தியேட்டருக்குச் சிரிப்பாயிற்று. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) எங்களைக் கண்ணீராகக் கண்டது. பிள்ளையைப் பெற்று முகாமில் விட்டுவிட்டு இயக்கத்துக்குப் போன தாயை அந்தப் பிள்ளை தேடி வருகிறாள். அந்தப் படத்தின் அரசியலை நான் ஒரு கூட்டத்தில் கிழித்துப் பேசினேன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, தாயும் மகளும் சந்திக்கும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்து அழுதேன். இரண்டுமே உண்மை. ஒன்றுக்காக மற்றதை மறைப்பது விமர்சகனுக்கு அழகல்ல.

2021 யூனில் நெற்ஃப்ளிக்ஸில் வந்த கார்த்திக் சுப்பராஜின் 'ஜகமே தந்திரம்' இலண்டனையே களமாகக் கொண்டது. கொரோனாக் காலம், நாங்கள் முகமூடியோடு இரவிரவாக வேலைக்குப் போன காலம். ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோது உணவு செய்கிறவர்கள் அத்தியாவசியத் தொழிலாளர் ஆகிவிட்டார்கள். அப்போது பார்த்த படம் அது. இலண்டனில் ஒரு வெள்ளைக்கார ரவுடி. அவனுக்கு உதவ மதுரையிலிருந்து இறக்குமதியாகும் பரோட்டாக் கடைக்கார ரவுடி தனுஷ். அகதிகளுக்கு உதவும் இன்னொரு தமிழ்க் கும்பல். நாடற்றவனாக இருப்பது என்றால் என்ன என்று ஒரு பெரிய நட்சத்திரப் படம் உரத்துக் கேட்டதற்காக அதனை நான் மதிக்கிறேன். இறுதியில் அந்த வெள்ளைக்காரனுக்குக் கிடைக்கும் தண்டனையும் அதுதான்: அவனை நாடற்றவனாக்கி விடுகிறார்கள். ஆனால் அந்த இலண்டனில் தமிழருக்குத் துப்பாக்கி இருக்கிறது, தங்கம் இருக்கிறது, கோட்டும் சூட்டும் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு பஸ் தரிப்பில் நிற்கும் ஒரு தமிழனைக் காணவில்லை. ஈஸ்ற்ஹாமிலும் இல்ஃபேட்டிலும் பார்க்கிங்கிலும் அந்த நேரத்து பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அதற்குள் யார் இருக்கிறார்கள் என்பது தெரியும்.

2025 மே மாதம் வெளியாகிப் பெருவெற்றி பெற்ற 'டூரிஸ்ட் ஃபேமிலி' இவற்றிலிருந்து ஒரு படி முன்னே வந்திருக்கிறது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதற்படம். பொருளாதார நெருக்கடியில் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கும் ஒரு குடும்பம் சென்னையில் தங்களை மறைத்து வாழ்கிறது. தாயாக நடித்திருப்பவர் சிம்ரன். 2002இல் ஈழத்துப் பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்த சென்னைத் தாயாக நடித்த அதே சிம்ரன் இருபத்து மூன்று வருடங்களின் பின் தானே ஈழத்துத் தாயாக வந்து இறங்குகிறார். வளர்ப்பவள் இடத்திலிருந்து வந்து சேர்ந்தவள் இடத்துக்குத் தமிழ்ச் சினிமாவின் பார்வை நகர்ந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. சசிகுமாரின் பாத்திரம் வேலை தேடுகிறது, சாரதி வேலையும் கிடைக்கிறது. அந்தளவில் மகிழ்ச்சி. ஆயினும் அந்த வேலை, முதலாளியின் நல்ல மனத்தைக் காட்டுவதற்கான ஏற்பாடாகவே நின்றுவிடுகிறது. அயலவரின் அன்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறது. தமிழகத்தின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில், 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றப்பட்ட அதே முகாம்களில், பெயின்ற் அடிக்கும் கூலிவேலைக்குப் போய் வயிறு வளர்க்கும் எங்கள் ஆட்களுக்கு அயலவரின் அன்பு குடியுரிமை தரவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை.

*

சின்னப் படங்கள் இந்த இடத்தை நிரப்பியிருக்கின்றனவா? இங்கேதான் கட்டுரையாளரோடு எனக்கு முரண்பாடு.

ஜாக் ஒடியாரின் 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. பாரிசில் பல கூலி வேலைகள் செய்த எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி கதாநாயகன். படத்தின் முதற்பாதியை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். இருட்டிலிருந்து நீலமும் சிவப்புமாய் மின்னும் தலைப்பட்டிகள் அசைந்து வருகின்றன. கிட்ட வந்தபின்தான் அவை பாரிஸ் தெருவில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு தமிழனின் தலையில் மின்னுகின்றன என்பது தெரிகிறது. அந்த ஒரு காட்சியில் ஐரோப்பாவுக்கு வந்த முதல் வருடம் முழுவதும் இருக்கிறது. பிறகு அவன் புறநகர் மாடிக்குடியிருப்பில் பராமரிப்பாளனாகிறான். கூட்டுகிறான், துடைக்கிறான், தபால் பிரித்துப் போடுகிறான். எங்களில் ஒருவன் வேலை செய்வதை உலக சினிமா நின்று பார்த்த அபூர்வமான நிமிடங்கள் அவை. ஆனால் ஒடியாருக்கு அது போதவில்லை. கடைசியில் தீபன் பழைய போராளியாகவே திரும்பவேண்டியிருக்கிறது; புகைக்குள்ளால் ஆட்களை வெட்டியும் சுட்டும் படியேறிப் போகவேண்டியிருக்கிறது. விருதுப் படமும் ரஜினி படமும் ஒரே மாடிப்படியில் சந்தித்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு ஒரேயொரு வெட்டு, இங்கிலாந்து. வெயில், புல்வெளி, கைக்குழந்தை, விருந்தினர். தீபன் போய்ச் சேர்ந்த அந்தச் சொர்க்கத்தில்தான் நான் இருபத்து நாலு வருடமாக இருக்கிறேன். அந்த வீட்டு வாடகையை யார், எத்தனை ஷிப்ற் செய்து கட்டுகிறார்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

கனடாவில் லெனின் எம். சிவம் எடுத்த '1999' (2009), 'ஏ கன் அன்ட் எ றிங்' (2013) ஆகிய படங்கள் எங்கள் மத்தியிலிருந்தே, எங்கள் காசிலேயே பிறந்த நேர்மையான முயற்சிகள். ஆனால் ஒன்று ரொறன்ரோ இளைஞர் குழுச் சண்டையைப் பற்றியது. மற்றதன் பெயரிலேயே துப்பாக்கி இருக்கிறது. லீனா மணிமேகலையின் 'செங்கடல்' (2011) தனுஷ்கோடி மீனவரையும் அகதிகளையும் அவர்களாகவே நடிக்கவைத்து, கடல் என்பது வேலைத்தளம் என்பதை மறக்காமல் காட்டியது. அந்த மரியாதை அதற்கு உண்டு. பொதுவாகப் பார்த்தால், பெரிய படம் எங்களுக்குக் கண்ணீரையும் துப்பாக்கியையும் தந்தது. சின்னப் படம் துப்பாக்கியையும் மௌனத்தையும் தந்தது. புலம்பெயர்ந்தவர் தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவழிக்கும் சமையலறை, பண்டகசாலை, பெற்றோல் நிலையம், முதியோர் இல்லம், பெல்ற் ஓடும் மண்டபம் ஆகியவை இரண்டிலும் கதைக்கு வெளியே நிற்கின்றன.

*

வெகுஜன சினிமாவை அபின் என்று ஒதுக்கியதில் நான் எங்கே பிழைவிட்டேன் என்பதையும் சொல்லவேண்டும்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்ச் சினிமாவின் அரசியற் தொடர்பாடல் பற்றிய தமது 1981ஆம் ஆண்டு நூலில் ஒரு முக்கியமான அவதானத்தைச் செய்திருந்தார். சாதி பார்த்து இருத்தாமல், ரிக்கற் விலையைப் பார்த்து எல்லாத் தமிழரையும் ஒரே கூரையின்கீழ் இருத்திய முதலாவது ஆற்றுகைக் களம் சினிமாக் கொட்டகை என்பது அது. நான் இதனைப் பரீட்சைக் கேள்வியாகக் கொடுத்தவன்; ஆனால் கலரியில் இருந்தவர்கள் திரையில் எதைக் கண்டார்கள் என்று கேட்டவனல்ல. 'படகோட்டி', 'தொழிலாளி' (இரண்டும் 1964), 'விவசாயி' (1967), 'ரிக்ஷாக்காரன்' (1971), 'மீனவ நண்பன்' (1977): எம்.ஜி.ஆர் தொழிலாளியின் பெயரைச் சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டார். அந்த உழைப்பாளி வேடம் எப்படி ஏழைகளின் வாக்குகளாக மாறியது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். அந்த விமர்சனம் இன்றும் செல்லும். ஆனால் அதே காலத்தில் நாங்கள் போற்றிய கலைப்படங்கள் எத்தனையில் கதாநாயகனுக்கு ஒரு தொழில் இருந்தது?

எங்கள் மண்ணிலேயே, தர்மசேன பத்திராஜ 1977இல் 'பொன்மணி'யை எடுத்தார். சிங்களவரான அவர் யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்தவர். சீதனமும் சாதியும் ஒரு வீட்டுப் பெண்களை எப்படிப் பூட்டி வைக்கின்றன என்பதை எங்களைவிடக் கூர்மையாகக் கண்டார். படம் தியேட்டரில் நிலைக்கவில்லை. சனத்துக்கு இரசனை இல்லை என்று நாங்கள் முடிவுகட்டினோம். அதைவிட்டுச் சனத்திடம் போய்க் கேட்டிருக்கலாம்.

கேட்டால் என்ன வரும் என்பது எனக்குப் பிறகொருநாள் தெரிந்தது. லைனில் எனக்கு எதிரே நிற்பவர் அறுபதை நெருங்கும் ஓர் அக்கா, வன்னியிலிருந்து வந்தவர். ஒரு விடுமுறை நாளில் அவவின் வீட்டில் நாலைந்து பேர் கூடியபோது, வேலையைப் பற்றி வந்த மிகச் சிறந்த தமிழ்ப்படம் என்று சொல்லி வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'வை (2010) நான் போட்டேன். ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் நின்றபடியே வேலை செய்யும் பிள்ளைகள், அடிக்கும் சுப்பர்வைசர், அடைசலான படுக்கை மண்டபம், நின்று நின்றே கால் அழுகிப்போன மனிதர். அரை மணித்தியாலம் போயிருக்கும். அக்கா எழும்பினா.

"மாஸ்ரர், உதைத்தானே பத்து மணித்தியாலம் பாத்திட்டு வாறம். வீட்டையும் வந்து பாக்கவோ? ரஜினியைப் போடுங்கோ."

'அண்ணாமலை' (1992) போட்டோம். பால்காரன் ஒரு பாட்டுக்குள் ஹோட்டல் முதலாளி ஆனான். அக்கா கைதட்டிச் சிரித்தா.

அந்தச் சிரிப்பை எனது பழைய பாடக்குறிப்புகளில் எங்கே வைப்பது என்று கனநாள் யோசித்தேன். வெகுஜன சினிமாவுக்கு வேலையென்றால் என்னவென்று தெரியாமலில்லை. அதை ஐந்து நிமிடப் பாட்டாகச் சுருக்கி முடித்துவைக்கிறது. வேலை முடியும் என்று வாக்குக் கொடுக்கிறது. பத்து மணித்தியாலம் நிற்பவருக்கு அந்த வாக்கின் பெறுமதி என்ன என்பது இருந்து வாசிப்பவருக்குத் தெரிவது கடினம். கலைப்படமோ வேலை முடியாது என்று சொல்கிறது. அது உண்மை, ஆனால் அந்த உண்மை அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைத் திருப்பிச் சொல்வதற்கு மேலாக ஒரு படம் அவவுக்கு எதைக் கொடுக்கும்? இதற்கு விடையில்லாமல் மக்களின் இரசனையைக் குறைசொல்ல எனக்கு இனி வாய் வராது.

*

ஒரு பாதி விடை எனக்குக் கிடைத்தது கென் லோச்சிடமிருந்து. 'சொறி வீ மிஸ்ட் யூ' (2019) நியூகாசிலில் பார்சல் வான் ஓட்டும் ஒருவனின் கதை. மனைவி வீடுவீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பவள். கணவன் சுயதொழில் செய்பவனாம். ஆனால் ஒருநாள் லீவு எடுத்தால் தண்டம். சிறுநீர் கழிக்க நேரமில்லாமல் வானுக்குள் போத்தல். படத்தில் ஒரு தமிழரும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் எங்களைப் பற்றி எடுக்கப்பட்ட படம் எது என்று கேட்டால் இதையே சொல்வேன்.

அக்காவின் மகன் பார்சல் வான் ஓட்டுபவன். அதனால் தயங்கித் தயங்கி இதைப்பற்றிச் சொன்னேன். அந்த நியூகாசில் ஆங்கிலம் எனக்கே பாதி விளங்காது. அக்கா எழுத்தைப் பார்த்தும் பாராமலும் கடைசிவரை இருந்து பார்த்தா. அன்றிரவு பெல்ற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று கேட்டா: "அடிபட்டுக் கிடந்த மனுசன் ஏன் மாஸ்ரர் விடிய வானை எடுத்துக்கொண்டு போனவன்?" கடன் இருக்கிறதே என்றேன். "கடன் கிடக்கட்டும். வான் திறப்பை ஒளிச்சுவைச்ச அந்தச் சின்னப் பெட்டை ஒராளுக்குத்தான் எல்லாம் விளங்கினது." பிறகு அதைப்பற்றி ஷிப்ற் முடியும்வரை வாதாடினோம். தனது வேலையைத் திரையில் பார்க்க மறுத்தவ, தனது மகனின் வேலையைப் பார்த்தா. அதற்காக இயக்குநரோடு சண்டையும் பிடிச்சா. 'அங்காடித் தெரு' அவவுக்குத் துன்பத்தை மட்டும் திருப்பிக் காட்டியது. லோச், மகன் வாய்திறந்து சொல்லாத நாளொன்றை அவவுக்குக் காட்டினார். தெரியாத பக்கம் ஒன்று அதில் இருந்தது. தமிழ்ச் சினிமாவும் இதற்கு இயலாததல்ல. ஏலக்காய்த் தோட்டத்துச் சுமைகூலியொருவனின் நடையை, மலை ஏறி இறங்கும் அந்த நீண்ட நடையை, லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) பொறுமையாகப் பின்தொடர்ந்து காட்டியிருக்கிறது; அதைத் தயாரித்தவர் நட்சத்திர நடிகரான விஜய் சேதுபதி.

ஆகவே கட்டுரையாளருக்கு எனது பதில்: இரசிகனைத் திருத்துவதை இப்போதைக்கு ஒத்திவைப்போம். எங்களிடம் இன்னும் எடுக்கப்படாத படம் ஒன்றிருக்கிறது, அதைப்பற்றிப் பேசுவோம்.

அதனை விவரணப்படமாக எடுத்துவிடலாம், எல்லாரிடமும் ஃபோன் இருக்கிறதே என்று இளைஞர்கள் சொல்வார்கள். அது நடக்காது. உணவுத் தொழிற்சாலையில் லைனுக்குப் போகுமுன் ஃபோனை லொக்கரில் வைத்துப் பூட்டவேண்டும். மோதிரம், மணிக்கூடுகூடக் கழற்றவேண்டும். சுகாதார விதி, நியாயமான விதிதான். ஆனால் அதன் விளைவு, 1895இல் நின்ற அதே இடத்தில், வாசலுக்கு வெளியே, கமரா இன்றும் நிற்கிறது. உள்ளே ஒரேயொரு திரை இருக்கிறது. மணித்தியாலத்துக்கு எத்தனை பெட்டி முடிந்தது என்று பச்சையிலும் சிவப்பிலும் எண் காட்டும் அந்தத் திரையை நாங்கள் பார்க்கிறோம்; எங்களைப் பார்க்கும் திரை எதுவும் இல்லை. எனவே இது கதைப்படமாகத்தான் எடுக்கப்படவேண்டும். மூடிய தொழிற்சாலையொன்றை வாடகைக்கு எடுத்து, பெல்ற் ஓடவைத்து, நடிகரை நிறுத்தி எடுக்கவேண்டும். அதற்குக் காசு வேண்டும். பெரிய படத்தின் தொழில்நுட்பமும் சின்னப் படத்தின் பொறுமையும் வேண்டும். வீடு வாங்கவும் கோயில் கட்டவும் சீட்டுப் பிடித்த சமூகத்துக்கு இது முடியாத காரியமென்று நான் நம்பவில்லை.

அப்படியொரு படம் வந்தால் அதில் பத்தாவது மணித்தியாலம் இருக்கவேண்டும். கால் மரத்துப்போய், கதையும் வற்றிப்போய், எதிரே நிற்பவரின் கை மட்டும் தெரியும் அந்த நேரத்தை எந்தப் படத்திலும் நான் இன்னும் காணவில்லை. வந்தால் முதல்நாள் காட்சிக்கு வரிசையில் நிற்பேன். அக்கா வருவாவோ தெரியாது. கேட்டுப் பார்த்தேன். "ஆர் நடிக்கினம் எண்டதைப் பொறுத்தது" என்றா.